பீங்கான் ஜாடியில் ரப்பர் செருப்பு

இது நடந்தது. என் கண்ணால் பார்த்தேன், இந்தக் கையால் தொட்டேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களுக்கு உட்கார்ந்து விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம்தான். கேட்டுப் பாருங்கள், எல்லாமே யாரோ ஒரு நண்பனின் சித்தப்பாவுக்குத்தான் நடந்திருக்கும். இது எனக்கு நடந்தது.

உடைந்த பீங்கானை ஒட்டிக் கொடுப்பது என் தொழில். பழைய பிரெஞ்சு ஜாடிகளைத் தேடித் தேடி வாங்குகிற பெரிய மனிதர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்களைப் போல ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பூ வைப்பதற்காகச் செய்த ஜாடி அது. அதில் ஒரு பூ வைக்க மாட்டார்கள். தண்ணீர் என்று சொன்னாலே பதறுவார்கள். கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்குவார்கள். பெற்ற பிள்ளையை அவ்வளவு பத்திரமாகத் தூக்கியிருக்க மாட்டார்கள். கவிழ்த்துப் பார்த்து, அடியில் இருக்கும் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டிக்கொள்வார்கள். பாதிப் பேருக்கு அசலும் தெரியாது, போலியும் தெரியாது.

அந்தக் கூட்டத்துக்கே தலைவர் மாதிரி ஒருவர் உண்டு. என் அக்காவின் புருஷன். என் அத்தான்.

அவர் வீட்டில் ஜாடிகளுக்குக் கண்ணாடி அலமாரி இருந்தது. அக்காவின் துணிகள் பெட்டியில் கிடந்தன. அத்தானின் காலில் மட்டும் எப்போதும் அதே நீல வார் ரப்பர் செருப்பு. வலது செருப்பின் வார் அறுந்து போய், ஊக்கு குத்தி மாட்டியிருப்பார். புதிதாக ஒன்று வாங்குங்களேன் என்றால், "இது நல்லாத்தானே இருக்கு" என்பார். அரண்மனைச் சாமான் வாங்குகிற மகாராஜாவின் காலில் ஊக்கு.

ஒருநாள் மதியம் அக்கா போன் செய்தாள்.

"புதுசா ஒரு ஜாடி வந்திருக்குடி. மூணு வாரமா அதுக்கு முன்னாடியே உக்காந்திருக்கார். சாப்பாடு அங்கதான், தூக்கமும் அங்கதான். எழுந்து நடக்கறதே இல்ல."

"நான் என்ன பண்ணணும்?"

"போலின்னு சொல்லு. நீ சொன்னா கேப்பார். திருப்பிக் குடுத்துடுவார். எனக்கு என் மனுஷன் வேணும்டி."

பொய் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அந்தக் கூட்டத்திடம் உண்மையைச் சொல்லித்தான் என்ன ஆகப் போகிறது? பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறே கால். அறையில் திரை பாதி மூடியிருந்தது. மேஜைமேல் ஜாடி. எதிரே நாற்காலியில் அத்தான், இடுப்புக்குக் கீழே கம்பளி போர்த்தியபடி. முகம் இளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"எப்படி இருக்கு?"

ஜாடியைத்தான் கேட்டார்.

அழகான பொருள்தான், அதை மறுக்க மாட்டேன். அடர்நீல உடம்பு, பொன் விளிம்பு. நடுவில் வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு தோட்டம். அதில் பட்டு உடுத்திய இரண்டு சீமாட்டிகளும் கொக்கி வைத்த காலணி போட்ட ஒரு பிரபுவும் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வெறும் புல்தரை.

"கால் என்ன ஆச்சு அத்தான்?"

"மரத்துப் போச்சு. டாக்டர் நரம்புன்னார், மாத்திரை குடுத்தார். அதை விடு. நீ இதைப் பாரு."

பார்த்தேன். முதலில் கையை வைத்தேன். பீங்கான் எப்போதும் சில்லென்றிருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஜன்னலில் வெயிலே விழாது.

அடுத்து, விரல் நகத்தால் சுண்டினேன். விரிசல் இல்லாத ஜாடி என்றால் 'டிங்' என்று நீளமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் கரகரக்கும். இது இரண்டும் இல்லை.

'தொப்.'

நிரம்பிய பாத்திரத்தைத் தட்டினால் வருகிற சத்தம். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். காலி.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. எங்கேயோ பெரிய ஒட்டு வேலை செய்து மறைத்திருக்கிறான் ஜாடியை விற்ற வியாபாரி, அத்தானின் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இனி பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை.

பையிலிருந்து ஊதா விளக்கை எடுத்தேன். எங்கள் தொழிலில் இது எல்லாரிடமும் இருக்கும். அறையை இருட்டாக்கி இதை அடித்தால், பழைய வர்ணம் மங்கலாகவே கிடக்கும். பிற்பாடு பூசின புது வர்ணம் மட்டும் பளிச்சென்று ஒளிரும். ஒளித்து வைக்க முடியாது.

அக்கா திரையை இழுத்து மூடினாள். மின்விளக்கை அணைத்தாள். மணி ஆறு நாற்பது.

ஊதா விளக்கை அடித்தேன்.

பிரபு மங்கலாக இருந்தார். சீமாட்டிகளும் அப்படியே. பக்கத்தில், வெறும் புல்தரையாக இருந்த இடத்தில், ஏதோ ஒளிர்ந்தது.

கிட்டே போய்க் குனிந்தேன்.

கால்கள். ஒரு ஜோடிக் கால்கள். பாதத்திலிருந்து முழங்கால் வரை. அதற்கு மேலே ஒன்றுமில்லை. பட்டுக்கும் கொக்கிக் காலணிக்கும் பக்கத்தில் ரப்பர் செருப்பு.

வலது வாரில்… ஊக்கு.

எவனோ வேடிக்கை செய்திருக்கிறான் என்றுதான் முதலில் கோபம் வந்தது. "லைட்டைப் போடு," என்றேன். போட்டாள். புல்தரை. வெறும் புல்தரை. ஒரு கோடுகூட இல்லை.

"அணை."

கால்கள்.

இருட்டில் அத்தானின் குரல் கேட்டது. நிதானமாக.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"முழங்கால்," என்றேன்.

"ஆமா. அதுவரைக்கும்தான் மரத்திருக்கு."

பின்னால் அக்கா மூச்சை இழுத்தது கேட்டது.

"அசல்தானே?" என்றார் அத்தான்.

காலே போய்க்கொண்டிருக்கிறது. அந்த மனிதர் அசலா என்று கேட்கிறார். அந்த நிமிடம் அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

எனக்குப் பயம் வந்தால் கை தொழிலைத்தான் தேடும். புது வர்ணத்தைக் கண்டால் அழிக்க வேண்டும். குச்சியில் பஞ்சைச் சுற்றினேன். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் நனைத்தேன். எடுத்த எடுப்பில் முழுதாகத் துடைக்க மாட்டோம். ஓரமாக, ஒரு பொட்டு அளவு துடைத்துப் பார்ப்போம்.

வலது கால். கட்டைவிரல்.

ஒரு தடவை துடைத்தேன்.

அழிந்தது.

"ஸ்ஸ்…"

நான் இல்லை. அக்காவும் இல்லை.

"என்னவோ… சுருக்குன்னுச்சு," என்றார் அத்தான்.

பஞ்சைப் பார்த்தேன். அதில் வர்ணமே இல்லை. ஈரம் மட்டும்… சூடாக.

பஞ்சைக் கீழே போட்டேன். விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். மறுபடி கால்களைப் பார்த்தேன்.

முழங்கால் இல்லை.

தொடை.

"உடைச்சிடு," என்றாள் அக்கா. "உடைச்சிடுடி."

தூக்கினேன். தலைக்கு மேலே. ஒரு சின்ன ஜாடி அது. அந்தக் கனம் கனத்தது.

"வேணாம்," என்றார் அத்தான்.

"இப்பவும் ஜாடிதான் பெருசா உங்களுக்கு?"

"அதுக்கில்ல…" அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. "என் கால் அதுல இருக்கு."

மெதுவாக இறக்கினேன்.

மணி ஆறு ஐம்பத்திரண்டு.

ஒரு போர்வையில் ஜாடியைச் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். அக்கா அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஜாடியின் கண்ணிலிருந்து அவரை விலக்கியதாலோ என்னவோ, மரத்தது இடுப்புக்கு மேலே ஏறவில்லை. அக்கா கேட்ட மனிதர் அவளுக்குக் கிடைத்துவிட்டார், பாதி. இன்றுவரை நடக்கவில்லை. டாக்டர்கள் பெரிய பெரிய பெயர்களாகச் சொன்னார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதை அவ்வளவு நீளமாகச் சொன்னார்கள்.

ஜாடி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. விற்க முடியாது. உடைக்க முடியாது. துடைக்கவும் முடியாது. பூனை தள்ளிவிடாத இடத்தில் வைத்து, கையுறை போட்டுத் தூக்கி, தினமும் தூசி தட்டுகிறேன். அந்தக் கூட்டத்தையெல்லாம் பார்த்துச் சிரித்த நான்தான் இன்று அவர்களைவிடப் பெரிய பைத்தியம். ஊதா விளக்கை மட்டும் அதன்மேல் மறுபடி அடிக்கவில்லை. அந்தப் பிரபுவும் சீமாட்டிகளும் யார் யார் என்று யோசிப்பதையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மணி எட்டு இருக்கும். அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"இவருக்கு வலது கால் கட்டைவிரல் பிறவியிலயே இல்லையாம்மா?"

நான் எட்டிப் பார்த்தேன். காயம் இல்லை. ரத்தம் இல்லை. தழும்புகூட இல்லை. அந்த இடத்தில் தோல் வழவழவென்று இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "பிறவியிலயே."

நர்ஸ் போனதும் நான் குனிந்தேன். கட்டிலுக்கு அடியில் அவருடைய ரப்பர் செருப்பு கிடந்தது. வலது செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வாரில் ஊக்கு இருந்தது. வாருக்கு முன்னால், கால் பதிகிற இடத்தில், கட்டைவிரல் நாள்தோறும் அழுத்தித் தேய்த்த பள்ளம் ஆழமாகத் தெரிந்தது.