சர்வர் பக்கத்து ரூமில்தான் இருக்கிறது

நெட்வொர்க் வேலை என்றால் பெரிய வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தஞ்சாவூரிலிருந்து ஸ்கூட்டியிலும் பஸ்ஸிலும் போய்ச் செய்வதெல்லாம், ஒரே கட்டடத்தில் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டர்களை ஒன்றுக்கொன்று கண்ணில் காட்டி வைப்பதுதான்.

எங்கள் கம்பெனியின் ஜாவா புரோகிராம் நாலைந்து மெஷின்களில் பிரிந்து ஓடும். ஒன்றில் விண்டோஸ் இருக்கும், இன்னொன்றில் லினக்ஸ் இருக்கும். ஆன் செய்ததும் சர்வர் தன் முகவரியை நெட்வொர்க்கில் அறிவிக்க வேண்டும். மற்றவை அதைக் கேட்டுப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் திரையில் சிவப்பாக ‘சர்வீஸ் கிடைக்கவில்லை’ என்று வரும். அடுத்த நிமிஷம் என் போன் அடிக்கும்.

குறுவை நேரத்தில்

நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலை. பழைய விண்டோஸ் சர்வர் உயிரை விட்டதால் அன்று காலையில்தான் லினக்ஸ் மெஷின் ஒன்றை மாற்றி வைத்திருந்தார்கள். அப்போதிலிருந்து எடை மேடைக் கம்ப்யூட்டருக்கு சர்வரைக் காணவில்லை. எடைச் சீட்டு வரவில்லை. வாசலில் குறுவை நெல்லோடு டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. ஆலைக்காரர் கோவிந்தராஜன் கையால் எழுதித் தருகிறேன் என்றார். விவசாயிகள் ஒத்துக்கொள்ளவில்லை. நெல் நனைந்தால் ஈரப்பதம் என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். அதில் சீட்டுச் சண்டை வேறா என்று அவர்களுக்கு.

போய்ப் பார்த்தேன். லினக்ஸில் ஒரு சின்ன ஃபைலில் மெஷினின் பெயருக்கு நேராக, எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே குறிக்கிற முகவரி இருந்தது. ஜாவா அதை நம்பி எல்லோருக்கும் அதையே அறிவித்துவிட்டது. எடை மேடைக் கம்ப்யூட்டர் அந்த முகவரிக்குப் போனால் தன்னிடமே போய் நிற்கும். அந்த ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினேன்; முதல் சீட்டு வந்தது. தூறலும் ஆரம்பித்தது.

தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்ன கோளாறு என்று கேட்டார். “அட்ரஸ் தப்பா சொல்லிக்கிட்டு இருந்துச்சும்மா” என்றேன். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மழைக்கு மட்டும் நம்ம அட்ரஸ் தப்பாம தெரியுது பாரு.”

போனில் ஒரு வரி

பூம்புகாரில் மீன் வியாபாரம் செய்கிற பெருமாளுக்கு போனிலேயே சரி செய்ய வேண்டியிருந்தது. படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன, நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். ஏலக்கூடத்து விண்டோஸ் புதுமாதிரி நீள முகவரியில் அறிவிக்கிறது. ஐஸ் பிளான்ட்டில் இருக்கிற பழைய லினக்ஸுக்குப் பழைய முகவரி மட்டும்தான் புரியும். ஜாவாவைப் பழைய முகவரியிலேயே பேசச் சொல்ல ஒரு வரி டைப் செய்ய வேண்டும். பெரிய ஐ, பெரிய பி, சின்ன வி, நடுவில் இடம் விடக் கூடாது, புள்ளி முக்கியம் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பின்னால் காக்கா சத்தம், ஆட்கள் சத்தம். தப்பு வர வர அவர் பொறுமையாக அழித்து அழித்து எழுதினார். கடைசியில் சிவப்பு போனது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: “எம்பொண்ணுக்கு ஆதார்ல பேரு திருத்துனப்பகூட இப்படி ஒவ்வொரு எழுத்தா பாக்கல மேடம்.”

மாடிப்படி

டெங்கு பரவியிருந்த சமயம். தஞ்சாவூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கீழே லேப், மாடியில் வார்டு. புது ரூட்டர் மாட்டிய அன்று விண்டோஸ் அதை ஏதோ பொது இடத்து நெட்வொர்க் என்று நினைத்து எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டது. மாடியில் டாக்டரின் திரையில் லேப் ரிப்போர்ட் எதுவும் வரவில்லை. போனில் எண் சொன்னால் மாறிப்போகும் என்று டாக்டர் கேட்க மாட்டார். அதனால் லேப்பில் இருக்கிற மும்தாஜ் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நான் போனபோது பாவம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இது நம்ம நெட்வொர்க்தான் என்று விண்டோஸுக்குச் சொல்லி, ஃபயர்வாலில் ஜாவாவுக்கு வழி விட்டேன். ஒரு சின்னப் பையனின் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறியிருந்தது. அந்த ரிப்போர்ட்தான் முதலில் மேலே போனது. இனி உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடியும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மும்தாஜ் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு எழுந்துவிட்டார். “அந்தப் பையனோட அம்மா காலையிலேருந்து படியையே பாத்துக்கிட்டு இருக்காங்க மேடம், இத மட்டும் நானே போய் சொல்லிட்டு வந்துடறேன்.”

மகள் மேல் பழி

வேதாரண்யத்தில் இறால் குளிர்பதன அறை வைத்திருக்கும் ராமலிங்கம் போனில் எடுத்த எடுப்பிலேயே, “எம்மவ கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டா” என்றார். மகள் நிலா எம்.சி.ஏ. படிக்கிறாள். லீவில் வந்தவள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் காலேஜ் பிராஜெக்டுக்காக ஏதோ ஏற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு குளிர் அறையிலிருந்து சூடு ஏறினால் வர வேண்டிய எச்சரிக்கை வரவில்லை. ஒரு லோடு இறால் வீணாகிவிட்டது. வேலையாட்கள் எதிரிலேயே அவளைத் திட்டியிருக்கிறார். அவள் நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள், போனை எடுப்பதில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். நிலா ஏற்றியது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் சாப்ட்வேர். படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் வைத்திருப்பதுதான். அது தனக்கென்று ஒரு பொய் நெட்வொர்க் கார்டை உண்டாக்கிக்கொள்ளும். எங்கள் புரோகிராம் எது நிஜம் என்று பார்க்காமல் முதலில் கண்ணில் பட்ட அந்தக் கார்டின் முகவரியை அறிவித்திருக்கிறது. குளிர் அறையில் இருக்கிற சின்ன லினக்ஸ் பெட்டி இல்லாத ஊருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எந்தக் கார்டு என்று குறிப்பாகச் சொல்லிவிட்டதும் திரையில் அறையின் குளிர் தெரிந்தது.

“சார், உங்க பொண்ணு மேல தப்பில்ல. பாத்து எழுதியிருக்க வேண்டியது எங்க கம்பெனி. எங்களைத் திட்டுங்க” என்றேன். திட்டுவார் என்றுதான் காத்திருந்தேன். அவரோ தன் போனை எடுக்காமல் என் போனைக் கேட்டு வாங்கி, மகள் நம்பரைப் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: “மொதல்ல நீங்க பேசுங்கம்மா, அவ சிரிச்சான்னா மட்டும் எங்கிட்ட குடுங்க.”

ஜாவா தெரியும் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள், ஆனால் இன்னும் வைத்திருப்பது அடுத்தவர் பேசி முடிக்கும் வரை போனை வைக்காமல் இருக்கத் தெரியும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.