கிளச்சுக்குள் வைத்த தோல்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியின் முதலாளி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வேலூரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. அதைத் துடைக்கவும் பழுது பார்க்கவும் முதலாளி என்னை வைத்திருந்தார்.

அதற்கு முன் நாலு வருஷம் நான் அதே டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்றவன். குழி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டுத்தோலில் மயிர் கழன்று வருவதற்காக அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போடுவார்கள். புரட்டிவிட ஆள் உள்ளே இறங்க வேண்டும். முழங்காலுக்கு மேல் சுண்ணாம்பு நிற்கும். அழுகின கொழுப்பு மிதந்து வந்து தொடையில் ஒட்டும். ஒரு மாதத்தில் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து பிளந்துவிடும். நகம் மஞ்சளாகிக் கழன்று விழும். சாப்பிட உட்கார்ந்தால் கை நாற்றம் சோற்றில் ஏறும். என் பெண்டாட்டி எனக்குச் சோறு போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை.

குழிக்கு வருவதற்கு முன் அரிசி மில்லில் ஆயில் இஞ்சினுக்குப் பக்கத்தில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். ஒரு நாள் முதலாளியின் வண்டி டேனரி வாசலில் கிளம்பாமல் நின்றபோது, ஈரக்காலோடு ஓடிப்போய் பிளக்கைக் கழற்றிச் சுரண்டிப் போட்டேன். வண்டி கிளம்பியது. மறுநாளிலிருந்து நான் குழியில் இறங்கவில்லை. ஆறு மாதத்தில் கால் ஆறியது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த இரும்பு மேல் எனக்கு ஆசையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. அது ஓடுகிற வரைக்கும் என் கால் காய்ந்திருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் கிளச்சு கெட்டது. இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கழற்றிப் பார்த்தேன். கிளச்சுக்குள் வட்டத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஒரு தட்டு வெறும் இரும்பு. அடுத்த தட்டில் சுற்றிலும் ஓட்டை போட்டு ஒவ்வொரு ஓட்டையிலும் சீமை மரப்பட்டையில் செய்த ஒரு கார்க்கு அடைத்திருக்கும். ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்த, கார்க்கு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் இஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகும். இந்த வண்டியில் கார்க்குகள் தேய்ந்து தட்டோடு தட்டாக ஆகிவிட்டிருந்தன. சில ஓட்டைகளில் கரிதான் இருந்தது.

முதலாளியிடம் போய், மதராஸ் கம்பெனிக்கு எழுதிக் கார்க்கு வரவழைக்க வேண்டும், சீமையிலிருந்து கப்பலில் வர இரண்டு மாதம் ஆகலாம் என்றேன். அவர் மண்டியில் தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவர் எது சொன்னாலும் தலையாட்டுகிற நாலு பேர்.

"மரப்பட்டைக்கு மதராஸா?" என்றார். "அரே, நீ எந்த ஊர்ல உக்காந்துகினு பேசுற? இங்க இல்லாத தோலா? கார்க்கு பண்றதைத் தோலு பண்ணாதா?"

நாலு தலையும் ஆடின. என் தலையும் ஆடியது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வாயில் கசக்கிறது. ஆகாது என்று அப்போதே தெரியும். எங்கள் தோல் ஆவாரம்பட்டையில் பதப்பட்டு, கடைசியில் புங்க எண்ணெய் தடவித் தேய்த்து வருவது. அந்த எண்ணெய்தான் அதற்கு மினுமினுப்பு. சூடு ஏறினால் எண்ணெய் வெளியே கசியும், வழுக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை.

இந்த ஊரில் எதற்கும் தோல்தான் மருந்து. கிணற்று உருளை கிறீச்சிட்டால் தோல் வாஷர், கதவு ஆடினால் தோல் துண்டு, பாய்லர் ஒழுகினால்கூட முதலில் தோலைத்தான் வைத்துப் பார்ப்பார்கள். அது ஒழுகிக்கொண்டே இருக்கும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தோல் தோற்றது என்று சொல்கிற ஆள் தோல் ஊரில் பிழைக்க முடியாது.

தடித்த மாட்டுத்தோலில் வட்ட வட்டமாக வெட்டி ஓட்டைகளில் அடைத்தேன். வேலை செய்ய எனக்குக் கொடுத்த இடம் மயிர் வழிக்கிற கொட்டகைக்குப் பக்கத்துச் சாய்ப்பு. காற்றடித்தால் ஆட்டு மயிர் பறந்து வந்து எங்கும் ஒட்டும். அந்தக் கிளச்சில் தட்டுகள் உட்காருகிற பெரிய டிரம்முக்கு அடியில் சின்ன இரும்புக் குண்டுகள் வரிசையாக உட்கார வேண்டும். ஒட்டிக்கொள்வதற்காக கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக வைத்தேன். பாதி வைத்ததும் டிரம் சாய்ந்து எல்லாம் தரையில் உருண்டன. தரை என்றால் மண்ணா? மண்ணும் மயிரும் வழித்துப்போட்ட சவ்வும் கலந்த சேறு. அதற்குள் கைவிட்டு ஒவ்வொரு குண்டாகப் பொறுக்கி, மண்ணெண்ணெயில் கழுவினேன். ஒரு குண்டு குறைந்தது. மறுபடி துழாவினேன். சவ்வு விரலில் சுற்றிக்கொண்டது. வாந்தி எடுத்துவிட்டு வந்து குண்டைக் கண்டுபிடித்தேன்.

குழி மேஸ்திரி சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். என்னை நாலு வருஷம் மேய்த்தவன்.

"இன்னா மெக்கானிக்கு, குழியிலயும் கையை வுட்ட, இங்கயும் கையை வுடுற. இன்னா வித்தியாசம்?"

"உன் மூஞ்சியைப் பாக்காம இருக்கலாம். அதான் வித்தியாசம்."

"பாப்ப, பாப்ப. உன் எடத்தை யாருக்கும் குடுக்கல நானு."

ஸ்பிரிங்குகளைப் போட்டு நட்டுகளைச் சுற்றுச் சுற்றாக, எல்லாம் ஒரே அளவாக முறுக்கினேன். ஒன்று அதிகமாகப் போனாலும் தட்டு கோணலாகத் தூக்கும். வேலையில் குறை வைக்கவில்லை. வண்டி ரயில்வே கேட் வரைக்கும் போனது. கேட்டுக்குப் பக்கத்து மேட்டில் ஏறும்போது எண்ணெய் கசிந்து, இஞ்சின் ஓலமிட, அப்படியே நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன்.

நான் பிரித்துப் போட்ட தட்டை முதலாளி கையில் வாங்கிப் பார்த்தார். தோலை முகர்ந்தார். "என் தோல்ல எந்தக் கோளாறும் இல்ல. நீ மாட்டினதுதான் தப்பு" என்றார். பிறகு சத்தம் உயராமல் சொன்னார். "சனிக்கிழமை வேலூர்ல எனக்கு வேலை. வண்டி ஓடிச்சின்னா வண்டியில போவேன். ஓடலைன்னா நான் ரயில்ல போறேன், நீ குழிக்குப் போ. பேஜார் பண்ணாதே."

சனிக்கு மூன்று நாள் இருந்தது. எண்ணெய் தடவாத தோலை வாங்கி அடைத்துப் பார்த்தேன். அது எண்ணெய் இல்லாததால் ஓடு மாதிரி இறுகியிருந்தது. கிளச்சை விட்டதும் வண்டி வெட்டி வெட்டிக் குதித்தது. இரண்டாவது பர்லாங்கில் புகை வந்தது. உயிரோடு ஒரு மாட்டைச் சுட்ட மாதிரி நாற்றம். மூடியைக் கழற்றினால் தோல் வட்டங்கள் சுருண்டு கருகி, பொருக்குப் பொருக்காகத் தட்டில் ஒட்டியிருந்தன. உளி வைத்துப் பெயர்த்தேன். கையெல்லாம் அந்த நாற்றம். குழியில் இருந்தபோது வந்த அதே நாற்றம் என்று சொல்ல மாட்டேன், இது அதைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை காலை பஜாரில் காலி பாட்டில் வியாபாரியிடம் போனேன். பங்களாக்களிலிருந்தும் ஸ்டேஷனிலிருந்தும் வருகிற பிராந்தி பாட்டில், ஒயின் பாட்டில் எல்லாம் அவனிடம் வரும். மூலையில் ஒரு கோணி நிறைய கார்க்கு அடைப்பான்கள் கிடந்தன. மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு டப்பாவில் போட்டு வேகவைத்தேன். பழைய சாராயமும் எலிப் புழுக்கையும் வெந்து ஆவியாக வந்தன. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, சூட்டோடு சூடாக ஒவ்வொன்றையும் ஓட்டையில் திணித்து, ஆறினதும் அரத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்தேன். இந்தத் தடவை அடியில் ஒரு துணி விரித்துக்கொண்டு குண்டுகளை வைத்தேன். சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்து, கிளச்சுக் கம்பியில் கொஞ்சம் தளர்வு விட்டு, ஓட்டிப் பார்த்தேன். மேட்டில் வெண்ணெய் மாதிரி ஏறியது.

முதலாளி வாசலுக்கு வந்து, "எப்படிப் புடிச்சிச்சு இப்ப?" என்றார்.

அவர் குடிக்காதவர். சாராயக்கடை இருக்கிற தெருவழியே போக மாட்டார். அந்தப் பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்க தோல்தான் முதலாளி. கழுத்துப் பக்கத்துத் தோல் போட்டேன்."

அவர் முகம் பூரித்தது. சுவரோரம் நின்ற மேஸ்திரி உள்ளே போனான்.

வேலூரில் அவர் இதை எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது. அடுத்த வாரம் வாணியம்பாடியிலிருந்து அவருடைய தோஸ்து ஒருவர் வந்தார். அவருக்கும் டேனரி, அவரிடமும் அதே ஜாதி வண்டி, அதிலும் கிளச்சு போய்விட்டது. சீமைக்காரன் கார்க்கை நம் தோல் ஜெயித்த கதையைக் கேட்டுவிட்டு அந்த வட்டங்களை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். நல்ல மனுஷர். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, உக்காரு" என்று பெஞ்சியில் இடம் விட்டார். அந்த மண்டியில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"நல்ல கழுத்துத் தோலா வெட்டிக் குடு" என்றார் முதலாளி.

தோல் எடுக்கிற சாக்கில் முதலாளியைச் சரக்கறைக்கு வரச் சொன்னேன். உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தோல் இல்லை, கார்க்கு. அதுவும் பிராந்தி பாட்டில் கார்க்கு. அடிப்பார் என்று நினைத்து ஓரமாக நின்றேன்.

"குடிச்சவன் தொண்டையிலதான் பாவம்" என்றார் அவர். "மரப்பட்டை இன்னா பண்ணும் பாவம். அத்த வுடு."

எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்தார்.

"ஆனா தோலு தோத்துப்போச்சுன்னு இந்த ரூமுக்கு வெளிய ஒரு வார்த்தை போவக் கூடாது. போச்சுன்னா, உனக்கு வண்டி கெடையாது. எங்க நின்னியோ அங்கயே நிப்ப."

"அவரு வண்டி எரிஞ்சிபோவும் முதலாளி."

"அவனுக்குச் சொந்தமா மெக்கானிக் இருக்கிறான். அவன் பாத்துப்பான்."

வெட்டினேன். எல்லாம் ஒரே அளவாக, நல்ல கத்தியால், ஓரம் பிசிறாமல் வெட்டினேன். காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு வட்டத்தை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தார்.

"முதலாளிங்க பெருமை பேசுவோம். வேலை செஞ்சவன் நீ. நீயே சொல்லு, இது நிக்குமா?"

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கும் பாய்" என்றேன்.

அவர் எனக்குக் கைகொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்து வாணியம்பாடியிலிருந்து தோல் ஏற்றி வந்த வண்டிக்காரன் வாசலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டே மேஸ்திரியிடம் கதை சொன்னான். அன்று தோல் வட்டம் வாங்கிப்போனவர்தான் அவன் முதலாளி; அவருடைய மோட்டார் சைக்கிள் வழியில் புகைந்து நின்றுவிட்டதாம். ஆம்பூரில் நன்றாக ஓடுகிற தோல் வாணியம்பாடியில் எப்படிக் கருகும் என்று கேட்டார்களாம். அங்கிருந்த மெக்கானிக்குக்கு மாட்டத் தெரியவில்லை என்று முடிவாகிவிட்டதாம்.

"இப்ப அவன் எங்க?" என்று மேஸ்திரி கேட்டான்.

"எங்க போவான்? பொண்டாட்டி புள்ள இருக்குது. குழியில எறங்கிட்டான்."

மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்துக் கம்பிகள் பாக்கி இருந்தன, அவற்றையும் துடைத்து முடித்தேன்.