பௌர்ணமிக்கு மறுநாள் சர்க்கரை

சுண்டுவிரலை மூன்று தரம் உதறி, நுனியில் ஊசியைத் தட்டி, எட்டிப் பார்த்த ரத்தத்துளியைக் கருவிக்கு ஊட்டுகிறார் இருசப்பன். எண் வருவதற்குள் ஜன்னல் வழியே மலைக்கு ஒரு கும்பிடு. நூற்றுப் பதினான்கு.

"பாத்தியா கஸ்தூரி! யாருக்கு சக்கரை? எனக்கா?"

"உங்களுக்கு ஏது? கடையிலதான் இருக்கு" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் பதில் வரும். எண்ணைப் போனில் ஏற்றிவிட்டு, கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்.

செங்கம் சாலையில் ஒரு லாட்ஜின் மேனேஜர் அவர். ஐம்பத்தாறு வயது, மூன்று குரல். வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று: "ஹாட் வாட்டர் சிக்ஸ் டு எய்ட், மேடம். ஆஃப்டர் எய்ட் ஒன்லி கோல்ட். வெரி ஹெல்த்தி!" ரூம் பெருக்குகிறவர்களுக்கு ஒன்று: "இன்னாய்யா, பதினொண்ணாம் நம்பர்ல எறும்பு குடித்தனம் நடத்துது?" டாக்டரம்மாவிடம் மட்டும் முன்பெஞ்சு மாணவன் குரல்: "ஸ்வீட்டுங்களா? வாசனையே ஆவறதில்லீங்க." அந்த நேரத்திலும் லாட்ஜ் மேசை டிராயரில், ரசீது புத்தகத்துக்கு அடியில், இரண்டு பாதுஷா படுத்திருக்கும்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கு மஞ்சப்பை நிறையக் காகிதம் போகும். ஒருமுறை ஈசிஜிக்குப் பதில் கரண்ட் பில்லை நீட்டினார். அதைக் கேள்விப்பட்டுத்தான் சென்னையிலிருக்கும் மகள் சிந்துஜா, போனில் அவருக்கென்று ஒரு மருத்துவப் பதிவைத் திறந்து கொடுத்தாள். மாத்திரை, எடை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குள். மகளும் சென்னையில் இருந்தபடியே பார்ப்பாள். அவருக்கு அதில் ரொம்பப் பிடித்தது, ஏற்றிய எண்களை இணைத்துப் போகும் சர்க்கரைக் கோடு. லாட்ஜுக்கு வருகிறவர்களிடமும் காட்டுவார்: "சீ மை ஷுகர் லைன். ஸ்ட்ரெய்ட். லைக் பைபாஸ் ரோடு!"

ஒருநாள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே லேப் அனுப்பிய மூன்று மாதச் சராசரி வந்து உட்கார்ந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டியது, ஒன்பது புள்ளி இரண்டு. டாக்டர் அருணாதேவி கோட்டைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"வீட்ல எடுத்ததெல்லாம் நூத்திப் பத்து, நூத்திப் பதினெட்டு. சராசரி மட்டும் இவ்ளோ ஜாஸ்தி. ரெண்டும் ஒத்தே வரலையே. ரத்தத்துலயே வேற கோளாறு இருக்கான்னு பாத்துடணும். வேலூருக்கு எழுதித் தரேன்."

வேலூர்! பெரிய வியாதிக்காரர்கள் போகிற ஊர் என்றுதான் அவருக்குத் தெரியும். மூன்று குரலும் ஒரே நேரத்தில் போய்விட்டன. டாக்டரின் பேனா சீட்டில் ஊரத் தொடங்கியது. கல்யாணத்துக்கு இருக்கும் மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"மேடம்" என்றாள் பின்னால் நின்ற கஸ்தூரி. "அதுல தேதி இருக்குமா? கொஞ்சம் பாருங்களேன்."

டாக்டர் கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஆறு மாதம், ஆறே புள்ளி. சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாமே பௌர்ணமிக்கு மறுநாளா?"

"ராத்திரி முச்சூடும் கிரிவலம் சுத்துவாரு. வாயில மோரைத் தவிர எதுவும் படாது. காலைல வந்ததும் எடுப்பாரு. அப்புறம் அடுத்த பௌர்ணமி வரைக்கும் மெஷினு பீரோவுல."

"ஏங்க இப்படி?"

இருசப்பன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்ல நாளாப் பாத்து ஏத்தலாம்னுதாங்க... கெட்ட நம்பரு ஏத்துனா பொண்ணு பாத்துட்டு அழுவும்."

டாக்டர் வாயைப் பொத்திச் சிரித்தார். எழுதிய சீட்டை இரண்டாகக் கிழித்தார்.

"ரத்தத்துல கோளாறு இருக்கிற மாதிரி தெரியல, உங்ககிட்டதான் இருக்கு. வேலூர் இப்ப வேணாம். நடந்தா உங்களுக்குக் கம்மியாவுதுன்னு இந்த ஆறு நாளே சொல்லுதே? தினமும் நடங்க, செருப்பு போட்டுக்கிட்டு. மாத்திரை ஒண்ணு கூட்டறேன். வாரத்துல ரெண்டு நாள், சாதாரண நாளாப் பாத்து எடுத்து ஏத்துங்க. வந்தது வந்தபடி."

ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார் இருசப்பன். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. போன குரல்களில் முதலில் திரும்பியது வெள்ளைக்காரக் குரல்தான்: "நோ வேலூர், மேடம்!"

"எழுந்து வாங்க, ஊரே பாக்குது" என்றாள் கஸ்தூரி. முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. விசேஷம் எதுவுமில்லாத காலை. சுண்டுவிரலை உதறினார், குத்தினார். இருநூற்றுப் பதினெட்டு. மலையைப் பார்த்தார், கும்பிடக் கை வரவில்லை. போனில் விரல் முதலில் ‘ஒன்று’ என்ற எண்ணை அழுத்தியது. அழித்தார். இரண்டு, ஒன்று, எட்டு. பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினார்.