கூழைச் சாப்பாட்டில் சேர்க்காத தெரு

வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு பாவு. பிள்ளைகளே, ஆரணியில், உங்கள் அத்தை வீட்டுத் தெருவில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூல்கள் நீளமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. காற்று வந்தால் தெருவே தூக்கத்தில் மூச்சு விடுவது போல அசையும். அதன் ஒரு முனையில் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், அறுந்த இழையைத் தேடி நூலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு நிற்கிறார். மாமா என்றால் என் கண்ணில் முதலில் வருவது இதுதான். நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்ததை, லீவுக்கு நீங்கள் அங்கே போகும் முன் சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

பாவு போடுவது தனி ஆளால் ஆகிற வேலை இல்லை. அக்கம்பக்கத்து வீட்டார் கை கொடுப்பார்கள். யார் வீட்டுப் பாவோ, அந்த வீட்டிலிருந்து எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழோ டீயோ வரும். நின்ற இடத்திலேயே குடித்துவிட்டு மறுபடி நூலைப் பிடிப்பார்கள். அதை யாரும் சாப்பாடு என்று சொன்னதில்லை. சோறோ இட்லியோ தட்டில் வந்தால்தான் சாப்பாடு.

மாமாவுக்குப் புற்றுநோய் வந்தது. சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் என்ற சுரப்பியில். வேலூர் ஆஸ்பத்திரியில் ஊசியோடு மாத்திரையும் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் முழுசாக விழுங்கச் சொன்னார்கள். சாப்பிட்ட பிறகு போட இன்னொரு சின்ன மாத்திரை. மாமா ஒரு நாளும் தவறவிடவில்லை. நோய் அடங்கிக்கொண்டு வந்தது. ஆனால் கால் வீங்கியது. தறியில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடத்தது. பிரஷர் ஏறியிருந்தது, ரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் சரியில்லை.

"இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கல போல. நிறுத்த வேண்டி வரலாம்" என்றார் டாக்டரம்மா.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். நோயைப் பிடித்து நிறுத்தியிருப்பதே அந்த மாத்திரைதான். அதுவும் போய்விட்டால்? அந்த அறையின் மின்விசிறி எங்கோ தூரத்தில் சுற்றுவது போல எனக்கு இருந்தது.

"வெறும் வயித்துல தானே போடுறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சத்தியமாம்மா. ஒரு பருக்க உள்ள போயிருக்காது."

கூட வந்திருந்த அக்கா சும்மா இருக்கவில்லை. "பருக்க போவல. ஒரு சொம்பு கூழு போவுதே?"

"கூழு இன்னாத்துக்கு கணக்கு? அது தண்ணி மாதிரி."

"மோர் மொளகாய கடிச்சிகினு குடிக்கிற தண்ணி!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "அய்யா, கூழும் சாப்பாடுதான். பால் போட்ட டீயும் அப்படித்தான்." வயிற்றில் ஆகாரம் இருந்தால் இந்த மருந்து அளவுக்கு மேல் ரத்தத்தில் இறங்கிவிடுமாம். விழுங்குவதற்கு முன்னால் இரண்டு மணி நேரமும், பின்னால் ஒரு மணி நேரமும் தண்ணீர் மட்டும்தான். கொஞ்ச காலம் அந்தப் பெரிய மாத்திரையை நிறுத்தி வைத்தார். சின்ன மாத்திரையை மட்டும் தன்னைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். ரத்தப் பரிசோதனை சரியான பிறகு, மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார்.

அப்படி மறுபடி ஆரம்பித்த பிறகுதான் மாமாவுக்குப் பெரிய கஷ்டம். அந்தத் தெருவில் ஊற்றிய டீயை வேண்டாம் என்றால், உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்ன மாதிரி. காரணத்தைச் சொல்லவும் அவருக்குக் கூச்சம், நோய் வந்த இடம் அப்படி. பாவு போடும் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

"ஒளிஞ்சிகினா ஆச்சா? நோயி இன்னா திருடுன பொருளா?" என்றாள் அக்கா.

மாமா வெளியே வந்தார். நூலைப் பார்த்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். எதிர் வீட்டுக்காரர் கேட்டார்: "இத்த மொதல்லயே சொல்லி இருந்தா, நாங்க இன்னா கூழ ஊத்தியே கொல்லப் பாப்பமா?" முதலில் சிரித்தது மாமாதான்.

பிள்ளைகளே, மாமாவுக்கு நோய் முழுசாகப் போய்விடவில்லை. அதோடு வாழ்கிறார். அலமாரியில் இருக்கும் அந்த மாத்திரை டப்பாவை நீங்கள் தொடாதீர்கள். மாசமாக இருக்கும் உங்கள் அத்தை மகளும் தொடுவதில்லை, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மாமா மாத்திரையைப் பொடிக்க மாட்டார். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட மாட்டார். கால் வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரம்மாவைக் கேட்காமல் எடுப்பதில்லை. காலையில் ஆசையாக பிஸ்கட்டை அவர் வாயில் வைக்க ஓடாதீர்கள். நேரம் ஆனதும் அவரே கேட்பார்.

போன மாதம் நான் அங்கே இருந்தேன். நீல நிறப் பாவு, பனி இன்னும் விலகவில்லை. எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் டீ ஊற்றிக்கொண்டே வந்து மாமாவிடமும் ஒரு டம்ளரை நீட்டினாள். பனிக்குள்ளிருந்து, பாவின் இரண்டு பக்கமிருந்தும், ஒரே நேரத்தில் குரல்கள்:

"அவருக்கு ஊத்தாதம்மா!"

அந்தப் பெண் டம்ளரைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். என்ன பகையோ என்று நினைத்திருப்பாள்.

"பயப்படாத தாயி" என்றார் மாமா, நூலிலிருந்து கையை எடுக்காமல். "இந்தத் தெருவுல என்னை யாருக்கும் சாவ விட மனசில்ல."