குப்பைப் பெட்டியில் கார்த்திகை

வங்காளத்துச் சால்ட் லேக்கில் எங்கள் கீழ்வீட்டில் இருந்தவர் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர். குளிர்காலம் வந்துவிட்டால் சாயங்காலங்களில் குரங்குக் குல்லாயும் நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியுமாகத் தோட்டத்தில் நிற்பார். தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி விண்மீன் கூட்டங்களைப் படமெடுப்பார். அதற்குமுன் வீடுவீடாகக் கதவைத் தட்டி, வராந்தா விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சுவது அவர் வழக்கம்.

அப்போதெல்லாம் பிலிம்தான். ஒரு வருடம், குளிர்காலம் முழுக்க எடுத்த பிலிம் ரோலைக் கழுவக் கொடுத்திருந்தார். வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"ஒண்ணுமே விழலை தாதா, குப்பைல போட்டுட்டேன்" என்று வங்காளியில் சொன்னார் ஸ்டுடியோக்காரர்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. குப்பைப் பெட்டி முன் உட்கார்ந்து கிளற ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். அடியில் கிடைத்த ரோலை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். நெகட்டிவ் ஆனதால் வெளிறிய பிலிமில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள்.

"கார்த்திகை சார்! அடுத்ததுல மை சிந்தின மாதிரி இருக்கே, அது நெபுலா. எல்லாம் இருக்கு சார், எல்லாம் இருக்கு." எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே வந்ததும், "அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?" என்றேன்.

"பாவம் சார், கல்யாண போட்டோ கழுவறவர். இதுலயும் மூஞ்சியத் தேடியிருப்பார்" என்று சிரித்தார்.

ஒரு குளிர்காலமே கைவிட்டுப் போய்த் திரும்பிய சற்று நேரத்தில் ஒருவரால் எப்படி அப்படிச் சிரிக்க முடிந்தது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.