மாமா துடைத்த கண்ணாடி

போன வாரம் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வந்தவர், தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினை இழுத்து வந்து, "சார், இது வேணுமா, தூக்கிப் போட்றவா?" என்றார். உள்ளே கூழாங்கற்கள், நாலைந்து நாள் மழைத் தண்ணீர், கொஞ்சம் பாசி. அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும், கிணற்றடியும் காயாத துணியும் சேர்ந்த மாதிரி. வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன். அவர் போனதும் கற்களை எண்ணினேன். ஒன்பது. நான் வைத்தது ஐந்து. இருபது வருடமாக இது எனக்கு இடித்துக்கொண்டே இருக்கிறது.

இதே கோச்சடை வீடுதான். கல்யாணமாகி இரண்டு வருடம். எனக்கு வாடிப்பட்டியில் வேலை. பஸ்ஸில் போக வர நிறையப் படிப்பேன், அதனால் உலகத்தில் எல்லா விஷயமும் அரைகுறையாகத் தெரியும். மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் அமைதியடையும் என்று எதிலோ படித்து ஒன்று வாங்கினேன். மூன்றாவது வாரம் கண்ணாடி முழுக்கப் பாசி பிடித்து, உள்ளே மீன் இருக்கிறதா என்பது விசுவாசத்தைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. விசுவாசம் காப்பாற்றவில்லை, முதலில் வாங்கிய மீன்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

மீன் கடைக்காரர் ஆறுதல் சொன்னார். பாசி தின்கிறதே என்று சக்கர் மீன் வாங்காதீர்கள், அது முழங்கை நீளத்துக்கு வளர்ந்து தொட்டியையே தனதாக்கிக்கொள்ளும் என்றார். அதற்குப் பதில் பெருவிரல் நீளம்கூட இல்லாத நான்கு குட்டி மீன்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். பழுப்பு உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு, வாயருகே பூனை மீசை. "பாசிய மட்டுந்தான் திங்கும்ணே. நீங்க சோறு தண்ணி எதுவும் காட்ட வேணாம்." எனக்குப் பிடித்த வகை வளர்ப்பு. நான்கும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வரிவரியாகப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி மேலிருந்து கீழே வந்தன. வயிறு நான்குக்கும் உருண்டையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மாமா எங்களோடு வந்து தங்கினார். மாமா என்றால் என் மனைவி எஸ்தரின் அப்பா. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். காலையில் அரை இட்லி, மதியம் மோரில் நாலு பருக்கை. கோயிலுக்கும் போகவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை தானாக எழுந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். அவர்கள் வீட்டில் சனிக்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமைக்கான தயாரிப்பு. ஷூ பாலிஷ், சட்டை இஸ்திரி, ஜன்னல் கம்பி வரைக்கும் ஈரத்துணி. அத்தை இருந்தவரை அப்படித்தான். "இதை யாரும் தொடைக்கிறது இல்லையா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, தேங்காய் நாரால் நான்கு பக்கமும் தேய்த்தார். மீன்கள் ஞாயிறு ஆராதனைக்குத் தயாராகிவிட்டன. அன்று மதியம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எஸ்தர் அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்தத் தொட்டி விசயத்துல நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

திறக்கவில்லை. சனிக்கிழமை துடைப்பது புதன்கிழமையும் ஆகி, பிறகு தினமும் ஆயிற்று. மாமாவின் கன்னம் நிரம்பியது. மீன்களின் வயிறு ஒட்டியது. ஒரு நாள் ஒன்று செத்து மிதந்தது, அடுத்த வாரம் இன்னொன்று. மாமா அதைக் கரண்டியில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "சுத்தம் இன்னும் பத்தல போல மாப்ள."

நான் கடைக்கு ஓடினேன். "யாருண்ணே கண்ணாடிய இம்புட்டு தொடைக்கிறது? அதுக்குச் சோறே அதான?" என்றார் கடைக்காரர். சுரைக்காயை அரை வேக்காடாக வேகவைத்து, ஸ்பூனில் குத்தி மூழ்கவிடுங்கள், பழக நாலைந்து நாள் ஆகும் என்றார். மூழ்கவிட்டேன். மறுநாள் காலையில் மாமா ஸ்பூனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "தண்ணிக்குள்ள கூட்டுக்காய் கெடக்கு மாப்ள. வீட்டுல சின்னப் பிள்ளைகூட இல்லையே?" எனக்கும் ஆச்சரியமாக இருக்கிறது மாமா என்றேன். இதைச் சொன்னபோது எனக்கு முப்பத்திரண்டு வயது.

பிறகுதான் கற்கள். வைகையிலிருந்து ஐந்து கூழாங்கல் பொறுக்கி வந்து, நீல பேசினில் தண்ணீர் ஊற்றி மாடி வெயிலில் வைத்தேன். மதுரை வெயிலால் எனக்கு நடந்த ஒரே நன்மை அது. பத்து நாளில் பச்சை ஏறிவிட்டது. மாமா மறுபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் கோயிலுக்குப் போன நேரத்தில் இரண்டு கல்லைத் தொட்டிக்குள் மறைவாக வைத்து, பழையதை எடுத்துவிடுவேன். கோயிலுக்கு வராததற்கு வயிறு சரியில்லை என்பது என் காரணம். மாமா எல்லா வாரமும் என் வயிற்றுக்காக ஜெபித்துவிட்டு வந்தார். ஜெபம் வீண் போகவில்லை. மிச்சமிருந்த இரண்டு வயிறும் மெல்ல உருண்டையாயின.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியாதது. ஒரு நாள் மாடியில் பார்த்தால், தொட்டிக்குள் இருந்த இரண்டையும் சேர்த்து ஐந்து கல் ஒன்பதாகியிருந்தது. வெயில் தள்ளிப் போன பக்கமாகப் பேசினும் நகர்ந்திருந்தது. அந்த மாதமே மாமா முன்கண்ணாடியை மட்டும் துடைக்க ஆரம்பித்தார். "பின்னாடி குனிய முடியல மாப்ள, முட்டி வலி. அது அப்படியே கெடக்கட்டும்." நான் பதறிப்போய்த் தைலம் வாங்கிக் கொடுத்தேன். வாரம் தவறாமல் தேய்த்துக்கொண்டார். முட்டி வலிக்காரர் மாடி ஏறியிருக்க மாட்டார், ஆகவே எஸ்தர்தான் என்று முடிவு கட்டினேன். அவளிடம் கேட்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாதே.

மீன்கள் நான்கு வருடம் இருந்தன. மாமா ஆறு வருடம்.

போன வாரம்தான் கேட்டேன். "எஸ்தர், அந்த நாலு கல்லு நீ வச்சதுதான?"

"நானா? பாப்பா வயித்துல இருந்துச்சு, மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல."

"அப்ப மாமாவா? அவருக்குத்தான் முட்டி வலியே."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "அப்பாவுக்கு என்ன முட்டி வலி? கோயில்ல அரை மணி நேரம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவாரு. நீங்க ஒரு நாளாச்சும் வந்து பாத்திருந்தாத்தான?"

அன்றிலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன். தெரிந்துதான் முன்கண்ணாடியை மட்டும் துடைத்தாரா? நான் கொடுத்த தைலத்தை, வலிக்காத முட்டியில் எதற்குத் தேய்த்தார்? நான் அவருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனா, அவர் எனக்காகவா? அந்த வீட்டில் யார் யாரைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றே இப்போது பிடிபடவில்லை.

தொட்டி எப்போதோ விரிசல் விட்டுப் போய்விட்டது. மீன் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சனிக்கிழமைகளில் வீட்டில் ஷூ பாலிஷ் வாசனை வருவதில்லை. பேசினில் தண்ணீர் மாற்றி வெயிலில் வைத்திருக்கிறேன். ஒன்பது கல்லும் பச்சையாகிக்கொண்டு வருகின்றன. தின்ன மீன் இல்லை, துடைக்க ஆள் இல்லை.