இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுநாள்

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எங்கள் கூலிக்காரத் தெருவுக்குத் திடீர் மவுசு வந்துவிடும். ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவு. ஆள் கணக்குக் காட்டாவிட்டால் மூடிவிடுவார்கள். அதனால் அன்றைக்கு மட்டும், கேழ்வரகுக் கொல்லையில் களை பிடுங்கும் எங்களையும் வாத்தியார் கூட்டிப்போய் உள்ளே உட்கார வைப்பார்.

அந்த வருஷம் எனக்கு முதல் வரிசையில், பண்ணைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் கேட்ட பாட்டை நான்தான் உரக்கப் பாடினேன். அவர் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் யாரும் கூப்பிடாமலே எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்தோட முடிஞ்சுது. எழுந்திரு," என்ற வாத்தியார், வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். வெளியே எருக்கூடையைச் சுமந்தபடி அம்மா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாத இடத்துக்கு நானாகப் போய் உட்கார்ந்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. "வா," என்று மட்டும் அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

அடுத்த வருஷம் ஓசூரிலிருந்து புது வாத்தியார் வந்தார். எங்கள் தெருவுக்கே வந்து, பிள்ளையை அனுப்பச் சொன்னார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்டரு எப்ப வராரு சாமி?"

"யாரும் வரலைம்மா."

"அப்பறம் எதுக்கு சாமி எம்புள்ள?"

நக்கலில்லை, நிஜமாகவே கேட்டாள். அவர் முகம் சுண்டிப்போனது.

"தெனமும் வந்து படிக்கட்டும்மா."

"எங்க உக்கார வெப்பீங்க?"

அவர் என் பக்கம் குனிந்தார். "நீயே சொல்லும்மா. எங்க ஆசையோ அங்க உக்காரு. ஒருத்தரும் எழுப்ப மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

முதல் வரிசை என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைத்தான் எதிர்பார்த்து அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளியவே இருந்துக்கறேன் சாமி," என்றேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போய் வாசலுக்கு வெளியே உட்கார்ந்தேன். பாடம் தொடங்கும் முன் தினமும் அவர் வாசலுக்கு வந்து, "உள்ள வரியாம்மா?" என்று கேட்பார். எழுந்து உள்ளே போக எனக்கு ஒரு மழைக்காலம் முழுசும் ஆயிற்று.